இடப்பக்க நரம்பு

வெள்ளவத்தை,
02.08.2024

அன்புள்ள தங்கை அழகுவுக்கு,

அண்ணன் தண்டாயுதபாணி எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி றஞ்சிதமும் முருகன் துணையால் குறைவின்றி இருக்கிறோம். பதுளையில் நீயும் மாப்பிள்ளை தியாகுவும் பிள்ளை ரக்ஷிதாவும் எவ்வாறு இருக்கிறீர்கள் என்று அறியத் தரவும். அங்கே வறட்சி நீடிப்பதாகச் செய்தியில் வாசித்தேன். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

சத்திரசிகிச்சை கடந்த வாரம் நடந்து முடிந்தது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் இடப்பாதியைக் கட்டியோடு சேர்த்து அகற்றிவிட்டார்கள். ஆய்வுகூட அறிக்கையில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை. சில வாரங்களுக்குப் பேச்சைத் தவிர்க்கும்படி வைத்திய நிபுணர் சொல்லியிருக்கிறார். புதுக்கடை நீதிமன்றத்தில் தமிழ்ச் சாட்சிக்குச் சிங்களத்திலும், சிங்களச் சாட்சிக்குத் தமிழிலும் நாள் முழுவதும் பேசுவதே என் உத்தியோகம் என்பதால் விடுமுறையும் கிடைத்துவிட்டது. ஆகவே தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எழுது, நானும் எழுதுவேன். குடும்ப விடயங்கள் தாளில், திகதியுடனும் கையொப்பத்துடனும் இருப்பதே முறை.

ரக்ஷிதா விரும்பும் அந்தப் பிள்ளையைப் பற்றி விபரமாகத் தெரிவிக்கவும். நிச்சயதார்த்தம் தை மாதத்தில் என்றால், தாய்மாமன் என்ற வகையில் லக்னப் பத்திரிகையைச் சபையில் வாசிக்க வேண்டியவன் நான். அதற்கு நிறையக் காலம் இருக்கிறது.

அனைவரின் சுகத்தையும் வேண்டும்,
உன் அண்ணன்
தண்டாயுதபாணி

பதுளை,
19.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி அழகு அன்போடு எழுதிக்கிறது. கட்டி ஒண்ணுமில்லைன்னு வாசிச்ச பிறகுதான் இங்க எல்லாருக்கும் சோறு இறங்கிச்சு. நாங்க மூணு பேரும் சுகம். கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறோம், பயப்பட வேணாம்.

நீங்க பேசாம இருக்கிறது அண்ணிக்கு நல்ல லீவுதான். சாம்பார்ல உப்புக் கூடன்னு சொல்ல ஆளில்ல.

அந்தப் பையன் பேரு ஜீவராஜ். மருதானையில ரயில்வே சிக்னல் பகுதியில தொழில்நுட்ப வேலை. அப்பா ஹாலிஎல தோட்டத்தில லொறி ஓட்டி ரிட்டயர் ஆனவர். நம்ம ஆளுங்க இல்ல, கடை கண்ணி இல்ல, தோட்டத்து மக்கள். அதை நான் மறைச்சு எழுதல. இவரு ஒத்துக்கிட்டார், நானும் ஒத்துக்கிட்டேன். மிச்சம் நீங்கதான். என் நிச்சயத்தில முத்தையா அம்மான் வாசிச்சது ஞாபகம் இருக்கா? கொட்டாஞ்சேனையில ரோட்டில போன மீன்காரர் சைக்கிளை நிறுத்திட்டுக் கேட்டார். அம்மான் குரல் விழுந்தாத்தான் நம்ம வீட்டில சம்மதம். மத்ததெல்லாம் பேச்சு வார்த்தை.

மனசில ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க அண்ணே.

உங்க பதிலைப் பார்த்திட்டிருக்கும்,
அழகு

வெள்ளவத்தை,
11.09.2024

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று அறிந்து ஆறுதலடைந்தேன். இங்கும் அவ்வாறே. காயம் ஆறிவிட்டது. தழும்பு கழுத்துப்பட்டிக்குள் மறைந்துவிடுகிறது.

பேச்சைத் தவிர்ப்பது ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்று நீ யோசிக்கக்கூடும். இந்த ஓய்வில் அது பற்றி வாசித்தேன். நாம் தொண்டையால் பேசுவதாக நினைக்கிறோம். உண்மையில் மூச்சுக்குழாயின் வாசலில் இரண்டு சிறு மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்பார்கள். மூச்சு விடும்போது அவை கதவுகளைப் போல் விலகி நிற்கும். பேச நினைத்ததும் நடுவில் வந்து ஒன்றையொன்று தொடும். கீழிருந்து வரும் காற்று அந்த விளிம்புகளை ஒரு விநாடிக்கு நூறு தடவைக்கும் மேல் அதிரச் செய்கிறது. அந்த அதிர்வே குரல். மூடுவதற்குப் பல தசைகள் உண்டு. திறப்பதற்கு இரு பக்கமும் ஒவ்வொன்றே. நாணை இழுத்துக் குரலை உயர்த்த இன்னொன்று.

இவற்றுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பின் பாதைதான் விசித்திரமானது. மூளைக்கும் குரல்வளைக்கும் இடையே ஒரு சாண் தூரந்தான். ஆனால் இடப்பக்க நரம்பு குரல்வளையைக் கடந்து நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் கீழாக வளைந்து, மறுபடி கழுத்துக்கு ஏறி, தைரொயிட் சுரப்பியின் பின்புறமாக உரசிக்கொண்டு சென்றே குரல்வளையை அடைகிறது. எத்தனை கைதேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணராயினும் அந்த இடத்தில் நரம்பு சற்றுக் கன்றிப்போக இடமுண்டு. அது எவருடைய பிழையும் அன்று. கன்றிய நரம்பு பெரும்பாலும் தானாகத் தேறும். காலம் சொல்ல இயலாது என்று புத்தகங்கள் கூறுகின்றன.

ஜீவராஜைப் பற்றி மருதானையில் விசாரித்தேன். குறை சொன்னவர் எவருமில்லை. நேரில் கண்ட பின்னரே என் அபிப்பிராயம் கூறுவது ஒழுங்கு.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.
அண்ணன்
தண்டாயுதபாணி

பதுளை,
24.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் நலம். மழை எட்டிப் பார்க்குது. உங்களுக்கு உடம்பு முழுசாத் தேறிடிச்சான்னு எழுதுங்க.

நான் பையனைப் பத்திக் கேட்டேன், நீங்க நரம்பைப் பத்தி எழுதியிருக்கீங்க. ரக்ஷிதா வாசிச்சிட்டு, “அம்மான் சோதனை எழுதப் போறாங்களா ம்மா?”ன்னு கேக்குறா.

ரெண்டு மாசமாச்சே, போன் எடுங்க. எப்ப அடிச்சாலும் அண்ணி, “அவர் குளிக்கிறார்”னு சொல்றாங்க. இப்பிடிக் குளிச்சா வெள்ளவத்தைக்கே தண்ணி வெட்டு வந்திரும். வட்ஸ்அப்பில ஒரு வார்த்தை பேசி அனுப்பினாக்கூடப் போதும்.

நேரில பார்க்கணும்னு கேட்டீங்கல்ல, வர்ற ஞாயித்துக்கிழமை ஜீவராஜ் அவங்க அக்கா சுதர்சினியோட உங்க வீட்டுக்கு வாரார். பயந்துகிட்டுத்தான் வாரார். நல்லாப் பேசி அனுப்புங்க.

அன்புள்ள தங்கச்சி
அழகு

பதுளை,
14.10.2024

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமா இருக்கணும். நாங்க இருக்கோம்.

அவங்க வந்திட்டுப் போய் ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. நீங்க எழுதுவீங்கன்னு பார்த்துப் பார்த்து இப்ப நானே எழுதுறேன். அந்தப் பையன் பண்டாரவளைப் பேரிக்காய் ஒரு பை வாங்கிக்கிட்டு, சட்டையை மடிப்புக் கலையாம போட்டுக்கிட்டு வந்திருக்கார். நீங்க கதவைத் திறந்து, கதிரையைக் காட்டி, டீ குடுத்திருக்கீங்க. பாதியில எழும்பி உள்ள போயிட்டீங்க. திரும்ப வந்து கை கூப்பி அனுப்பி வைச்சீங்க. ஒரு வார்த்தை பேசல. “நாங்க ஏதும் தப்பாக் கேட்டுட்டோமா ஆன்ட்டி?”ன்னு அவர் என்கிட்டக் கேட்டப்ப எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியல.

இது எனக்குப் புதுசா? நம்மளைப் பெத்த அப்பச்சியும் கத்தினதில்ல, அடிச்சதில்ல. சித்தப்பா நம்ம ஆளுங்க இல்லாத இடத்தில கல்யாணம் பண்ணினதும் பேச்சை மட்டும் நிறுத்தினார். ஒரே வீட்டில, ஒரே சாப்பாட்டு மேசையில. சித்தப்பா “உப்பு”ன்னு கேட்டா அப்பச்சி என்னைப் பார்த்து, “அதை எடுத்து அந்தப் பக்கம் வை”ம்பார். சித்தப்பா கண்ணை மூடுற வரைக்கும் அது மாறல. அந்த மேசையில நீங்களும் இருந்தீங்க. நம்ம வீட்டில ஆம்பிளைங்க வேணாம்ங்கிறதை எப்பிடிச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்.

நீங்க அப்பிடி இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்.

அழகு

வெள்ளவத்தை,
02.11.2024

அன்புள்ள அழகுவுக்கு,

நாங்கள் சுகம். மலைச்சரிவு அபாயம் குறித்து அறிவித்தல் வந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்திட்டைக் கவனிக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்.

உன் கடிதத்துக்குப் பதில்: நான் அப்பச்சி அல்லன். அன்று நான் பேசாதிருந்தமைக்குக் காரணம் வேறு. அதைத் தற்போது எழுத இயலாதுள்ளது. ஜீவராஜ் தொடர்பில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அண்ணன்
தண்டாயுதபாணி

பதுளை,
20.11.2024

அண்ணனுக்கு,

சுகம். மண்திட்டுக்கு ஒண்ணும் ஆகல. இவர் தகரம் அடிச்சிருக்கார்.

ஆட்சேபணை இல்லைங்கிறது சம்மதமா? சித்தப்பா கல்யாணத்துக்கும் அப்பச்சி அதே வார்த்தையைத்தான் சொல்லி அனுப்பினார். “எனக்கு ஆட்சேபணை இல்ல.” அப்புறம் வரவுமில்ல, பேசவுமில்ல.

விசயம் இப்ப என் கையை மீறிப் போயிட்டிருக்கு. ஜீவராஜோட அப்பா போன கிழமை வந்தார். மரியாதையான மனுசன், குரலை உயர்த்தாமத்தான் சொன்னார். “அம்மா, நாங்க தோட்டத்து லயத்தில இருந்து வந்தவங்கதான். ஆனா மாமன் வாய் திறக்காத வீட்டில நாங்க தட்டு மாத்த மாட்டோம். நாளைக்கு எங்க வீட்டுக்கு வர்ற பிள்ளை, தாய்வீடு இல்லாம வரக்கூடாது.” நான் என்ன சொல்ல? ரக்ஷிதா அழல, அதுதான் பயமா இருக்கு. “அம்மான் வாசிக்கலைன்னா நிச்சயம் வேணாம் ம்மா, எனக்காக இன்னொரு சாப்பாட்டு மேசை அப்பிடி ஆக வேணாம்”னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டா.

நாள் தை பத்துன்னு குறிச்சிருக்கு. மார்கழி பிறக்கிறதுக்குள்ள உங்ககிட்டயிருந்து ஒரு முடிவு வரணும். இல்லைன்னா அந்த வீட்டுக்கு நானே போய், நிறுத்திட்டோம்னு சொல்லிருவேன்.

அழகு

வெள்ளவத்தை,
26.11.2024

என் அன்புள்ள அழகுவுக்கு,

எங்கள் சுகத்தைப் பற்றி இதுவரை நான் எழுதியவை அனைத்தும் ஒரு விடயத்தில் குறைபாடுடையவை. எனக்குக் குரல் இல்லை.

புத்தகத்தில் வாசித்ததாக எழுதிய அந்த இடப்பக்க நரம்பு என்னுடையது. சத்திரசிகிச்சைக்கு மறுநாள் காலை கட்டிலில் இருந்து றஞ்சிதத்தைக் கூப்பிட்டேன். மூன்றடி தூரத்தில் நின்றவள் திரும்பவில்லை. நிபுணர் மூக்கு வழியே மெல்லிய கமராவைச் செலுத்தித் திரையில் காட்டினார். வலப்பக்க நாண் ஒழுங்காக நடுவுக்கு வந்து போகிறது. இடப்பக்க நாண் அசையாமல் ஓரத்தில் கிடக்கிறது. ஒன்று வந்து காத்து நிற்கிறது, மற்றது வருவதில்லை. இடைவெளியால் காற்று முழுவதும் வீணே வெளியேறுகிறது. அதனால் என் பேச்சில் சொல் இருக்கும், ஒலி இராது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வேண்டும்.

மூடவேண்டிய வாசல் மூடாததால் குடிப்பதும் சில வேளை மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஜீவராஜ் வந்த அன்று நடந்தது அதுவே. அவர், “அம்மான், கோட்ஸில ஒரு நாளைக்கு எத்தனை பேருக்காகப் பேசுவீங்க?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், தேநீர் புரையேறியது. சமையலறையில் நின்று இருமி முடித்தபோது, அந்தக் காற்றுக் குரலை இந்தப் பிள்ளை கேட்டுவிட்டால் அது உன் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் எவ்வாறு போய்ச் சேரும் என்று எண்ணினேன். புற்றுநோய் என்பார்கள், நல்ல காரியம் தொடங்கும் நேரத்தில் அபசகுனம் என்பார்கள். தை மாதத்துக்குள் நரம்பு தேறிவிடும், தேறிய பின் ஒருவருக்கும் தெரியவேண்டியதில்லை என்று கணக்கிட்டேன். கணக்குப் பிழைத்துவிட்டது. என் மௌனத்தை நீ அந்தச் சாப்பாட்டு மேசையோடு சேர்த்து வாசிப்பாய் என்பது, உன் கடிதம் வரும்வரை எனக்குத் தோன்றவேயில்லை. வந்த பின்னும் நாற்பது சொற்களில் பதில் எழுதினேன்.

ஒக்டோபரில் ஒருநாள் கடமைக்குத் திரும்பினேன். காணி வழக்கு, சாட்சி ஒரு வயோதிப மாது. மொழிபெயர்ப்பாளன், “அவர் கண்டதாகச் சொல்கிறார்” என்று கூறக்கூடாது. “நான் கண்டேன்” என்றே கூறவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அன்று நான் “நான் கண்டேன்” என்றதை நீதிபதி மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். கோபமின்றித்தான் கேட்டார். பின்னர் சக மொழிபெயர்ப்பாளர் ஹியூபேட் எழுந்து என் இடத்தில் நின்றார். இப்போது ஆவண அறையில் எழுத்து மொழிபெயர்ப்புச் செய்கிறேன்.

பேச்சுச் சிகிச்சைக்கு மஸாஹிரா என்ற பிள்ளையிடம் போகிறேன். மிகவும் கண்டிப்பானவர். “சேர், தொண்டைய இறுக்கிக் கத்தப் பாக்காதீங்க, நாடிய இறக்கி, தலைய இடப்பக்கம் திருப்பிட்டுச் சொல்லுங்க” என்பார். அப்படிச் செய்தால் ஓரளவு ஒலி வருகிறது. வலப்பக்க நாண் காலப்போக்கில் நடுக்கோட்டைத் தாண்டிச் சென்று மற்றதைத் தொடப் பழகும் என்கிறார். வருடமும் ஆகலாம். ஆகாவிட்டால் இன்னொரு சிறு சத்திரசிகிச்சை உண்டு.

ஜீவராஜ் புறப்படும்போது தமக்கையின் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டே தம்முடையதை அணிந்தார். எனக்கு அது போதுமானதாயிருந்தது. இதை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்தை நிறுத்தாதே. பத்திரிகையை மாப்பிள்ளை தியாகுவின் தமையனார் வாசிக்கட்டும். நான் வந்து சபையில் அமர்ந்திருப்பேன்.

அண்ணன்
தண்டாயுதபாணி

பதுளை,
09.12.2024

என் அண்ணனுக்கு,

சுகம் கேட்டு எழுதுறதுக்கு இப்பத்தான் உண்மையிலயே அர்த்தம் இருக்கு. சாப்பாடு இறங்குதா? டீயை ஆற வைச்சு, நாடியை இறக்கிக் குடிக்கிறீங்களா? அண்ணி பாவம், எத்தனை தரம்தான் உங்களைக் குளிப்பாட்டுவாங்க?

கடிதத்தை வாசிச்சிட்டு முதல்ல அழுதேன். அப்புறம் உங்க மேல ஒரு மூச்சுக் கோபப்பட்டேன். நாலு மாசம் அண்ணே. நான் உங்களை அப்பச்சின்னு திட்டி எழுதினதையும் வாங்கி வைச்சுக்கிட்டு, மண்திட்டைக் கவனின்னு எழுதுறீங்க.

கடிதத்தை ஜீவராஜ்கிட்டயே குடுத்தேன். குடுக்கலாமான்னு உங்ககிட்டக் கேக்கல. வாசிச்சிட்டு, “ஐயோ, நான் டீ சூடு போலன்னு நினைச்சேன்”னார். கொஞ்ச நேரம் கழிச்சு, “விளக்கு நல்லாத்தான் இருக்கும் ஆன்ட்டி, வயர்லதான் பிரச்சினை. எங்க வேலையில தினமும் பார்க்கிறதுதான்”னார். அவங்க அப்பா கேட்டிட்டு, “குரல் போனாப் போகட்டும். மனுசன் வர்றாரில்ல?”ன்னு ஒரே பேச்சில முடிச்சிட்டார். எனக்கென்னவோ உங்க நரம்பு நெஞ்சு வரைக்கும் போய்ச் சுத்திட்டு வர்றதாலதான் எல்லாம் லேட்டுன்னு தோணுது.

இவரோட அண்ணன் வாசிக்க வேணாம். வாசிக்கிறது நீங்கதான். காத்தா வந்தாலும் பரவால்ல. நான் உங்க பக்கத்தில நிப்பேன். நீங்க ஒரு வரி வாசிங்க, அதை நான் சபைக்குக் கேக்கிற மாதிரிச் சொல்றேன். பொண்ணோட ஆத்தா வாசிக்கிற வழக்கம் எங்க இருக்குன்னு யாராவது கேட்டா, வாசிக்கிறது அவங்க அம்மான், நான் மொழிபெயர்ப்பாளர்னு சொல்லிக்கிறேன். உங்க சட்டப்படியே செய்றேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்.

ரயிலுக்கு டிக்கட் ஜீவராஜ் போட்டுட்டார். ஜன்னலோரம். குளிர்காத்து தொண்டைக்கு ஆகாது, மஃப்ளர் கட்டிட்டு வாங்க.

உங்க
அழகு

வெள்ளவத்தை,
01.02.2025

என் அன்புள்ள தங்கை அழகுவுக்கு,

நாங்கள் இருவரும் சேமமாக வந்து சேர்ந்தோம். மருதானையில் ஜீவராஜ் காத்திருந்து முச்சக்கரவண்டி பிடித்துத் தந்தார். நீ கட்டித் தந்த அதிரசத்தில் பாதி அயலிலுள்ள மெற்றில்டா வீட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் முழங்கால் வலி எப்படி? ரக்ஷிதாவின் சாரியில் மஞ்சள் பட்டதே, போயிற்றா?

இந்த வாரம் மறுபடி கமரா வைத்துப் பார்த்தார்கள். இடப்பக்கம் அசையவில்லை. வலப்பக்கம் சிறிது கூடுதலாக எட்டத் தொடங்கியிருக்கிறது. பதுளையில் நடந்ததை மஸாஹிராவிடம் சொன்னேன். “அவ்வளவு சனத்துக்கு முன்னால கத்தாம வாசிச்சீங்களா சேர்? அப்ப பாடத்தைப் படிச்சிட்டீங்க” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி ஒரு முறைகேட்டைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சபையில் நான் தலையை இடப்பக்கம் திருப்பியபோது உன் முகம் நேரே இருந்தது. அது நல்ல ஏற்பாடு. முதல் வரியை வாசித்தேன். அருகிலிருந்த ஐயருக்கே கேட்டிராது. நீ அதை எடுத்துச் சொன்னதும் பின்வரிசையில் பாத்திரச் சத்தம் நின்றது. வருடம், மாதம், நாள், நட்சத்திரம், இரு வீட்டார் பெயர்கள் அனைத்தையும் பிழையின்றிச் சொன்னாய். ஹியூபேட் அத்தனை நிதானமாகச் செய்யமாட்டார். ஜீவராஜின் தந்தையார் உன்னைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசுபவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசி வரியை நான் வாசித்தது பின்வருமாறு: “பெண்ணின் தாய்மாமன் தண்டாயுதபாணியின் சம்மதத்துடன்.” நீ சபைக்குச் சொன்னது: “பெண்ணின் தாய்மாமன் தண்டாயுதபாணியின் முழு மனச் சம்மதத்துடன்.”

அந்த இரண்டு சொற்கள் தாளில் இல்லை. நான் அவற்றை வாசிக்கவும் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்குக் கூட்டும் அதிகாரம் கிடையாது என்பதை நீ எழுத்திலேயே ஏற்றிருக்கிறாய். நீதிமன்றமாயின் அவ்விடத்திலேயே எழுந்து திருத்தியிருப்பேன். திருத்துவதற்கு எனக்கு ஒரு மூச்சு மிச்சமும் இருந்தது.

அதை நான் செலவழிக்கவில்லை.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்
தண்டாயுதபாணி